சைலன்சருக்குள் ஓர் அடுப்பு: டிபிஎஃப் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வது எப்படி?

சேலம் அழகாபுரத்தில் வீடு, செவ்வாய்ப்பேட்டையில் கடை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஐந்து ரோடு சிக்னலில் நின்று நின்று கடைக்குப் போய், மாலையில் அதே வழியில் திரும்பும் ஒரு டீசல் கார். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். சில மாதங்களில் மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது: குழாய் செருகிய ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள். "வண்டி புதுசுதானே, அதுக்குள்ள எப்படி அடைச்சுக்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. குறைவாக ஓடியதால்தான் அடைத்துக்கொண்டது. அதே கார் தினமும் நாமக்கல் போய்வந்திருந்தால் அந்த விளக்கை அதன் சொந்தக்காரர் பார்த்தே இருக்க மாட்டார்.

அந்தப் பெட்டியின் பெயர் டிபிஎஃப், அதாவது டீசல் கரித்துகள் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் கார்களுக்கு இது தவிர்க்க முடியாததாகிவிட்டது. பிஎஸ்-4 காலத்தில் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகள் விடலாம். பிஎஸ்-6-இல் அது 4.5 மில்லிகிராம். என்ஜினை எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும் வடிகட்டி இல்லாமல் அந்த அளவுக்கு இறங்குவது மிகக் கடினம். டீசலில் கந்தக அளவை 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்குக் குறைத்ததும் இதோடு சேர்ந்துதான். கந்தகம் கூடினால் இந்த அமைப்பில் உள்ள பிளாட்டினப் பூச்சு சரியாக வேலை செய்யாது.

வெளியிலிருந்து பார்த்தால் தகரம் சுற்றிய ஒரு டின் போலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பீங்கான் வகையில் செய்த தேனடை. சதுர அங்குலத்துக்கு 200, 300 துளைகள். ஒரு துளையின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் அடைத்திருக்கும்; பக்கத்துத் துளைக்கு அப்படியே நேர்மாறு. ஒரு துளைக்குள் நுழையும் புகை முட்டுச்சந்தில் நின்று, வேறு வழியில்லாமல் சுவரை ஊடுருவிப் பக்கத்துத் துளைக்குப் போய் வெளியேறும். கரி மட்டும் சுவரில் தங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவரில் உள்ள நுண்துளைகள் 10, 20 மைக்ரான் அகலம். கரித்துகளோ அதைவிட நூறு மடங்குக்கு மேல் சிறியது. அப்புறம் எப்படி மாட்டுகிறது? காபி ஃபில்டரை நினைத்துப் பாருங்கள். டிகாக்‌ஷனை வடிப்பது அடித்தட்டின் ஓட்டைகள் மட்டுமில்லை, மேலே அமுக்கி வைத்த பொடியும்தான். அதேபோல முதலில் ஒட்டிய கொஞ்சம் கரியே அடுத்து வரும் கரிக்கு வடிகட்டியாகிவிடுகிறது. அதனால் வடிகட்டியில் எப்போதுமே ஒரு மெல்லிய கரிப்படலம் இருப்பது நல்லதுதான். அது தடித்துப்போய், புகை வெளியேற முடியாமல் என்ஜின் மூச்சுத் திணறும்போதுதான் தொல்லை. ஒரு நடுத்தரக் காரில் 20, 25 கிராம் கரி சேர்ந்தாலே எரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கணக்கு. எடை ஒன்றுமே இல்லைபோலத் தோன்றும். ஆனால் பஞ்சுபோல லேசான கரி என்பதால் அவ்வளவும் சேர்ந்தால் ஒரு டம்ளர் இடம் பிடிக்கும்.

சேர்ந்த கரியைக் கழுவி எடுப்பதில்லை; இருந்த இடத்திலேயே எரித்துவிடுகிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் 'ரீஜென்' என்கிறார்கள். கரியும் கார்பன்தானே, ஆக்சிஜனும் சூடும் கிடைத்தால் கரியமில வாயுவாகிப் போய்விடும். சிக்கல் சூட்டில்தான் இருக்கிறது. வெறும் ஆக்சிஜனில் இந்தக் கரி எரிய ஏறத்தாழ 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஊருக்குள் ஊர்ந்து போகும் டீசல் காரின் புகை 150, 200 டிகிரியைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

இந்த இடைவெளியை இரண்டு விதமாக நிரப்புகிறார்கள்.

முதலாவது, தானாக நடப்பது. டிபிஎஃப்புக்கு முன்னால் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய இன்னொரு தேனடை இருக்கும். டிஓசி என்பார்கள். இது புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். இந்த வாயு ஆக்சிஜனைவிடச் சுறுசுறுப்பானது. 250 முதல் 400 டிகிரியிலேயே கரியை மெல்ல மெல்ல அரித்துவிடும். கொண்டலாம்பட்டி பைபாஸில் ஏறி சங்ககிரி நோக்கி 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தெரியாமலே இது நடந்துகொண்டிருக்கும். விளக்கு எரியாது, மைலேஜ் குறையாது, சத்தம் மாறாது. ஹைவேயிலேயே ஓடும் வண்டிகளுக்குப் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, என்ஜின் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே நெருப்பு மூட்டுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இங்கேதான் முளைக்கின்றன.

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு குழாய்கள் போய் ஓர் அழுத்த சென்சாரில் சேரும். முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் கூடினால் அடைப்பு கூடுகிறது என்று பொருள். இதோடு எவ்வளவு டீசல் எரிந்தது, எப்படி ஓட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பதையெல்லாம் சேர்த்து, உள்ளே எத்தனை கிராம் கரி இருக்கும் என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு எல்லையைத் தொட்டதும், என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கிறதா, டாங்கில் ரிசர்வுக்கு மேல் டீசல் இருக்கிறதா, வேறு பழுதுக் குறியீடு எதுவும் இல்லையா என்று பார்க்கும். எல்லாம் சரியென்றால் தொடங்கும்.

முதலில் உள்ளே வரும் காற்றைக் கொஞ்சம் அடைத்து, டீசல் தெளிக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, புகையின் சூட்டை 250 டிகிரிக்கு மேல் கொண்டுவரும். ஏனென்றால் டிஓசி அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் அதில் டீசல் பற்றும். பிறகுதான் முக்கியமான கட்டம். சிலிண்டரில் எரிதல் முடிந்து பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்ஜெக்டர் இன்னொரு துளி டீசலைத் தெளிக்கும். அது சக்தி தருவதற்கல்ல. எரியாமலே புகையோடு போய் டிஓசியில் எரிவதற்கு. அங்கே பிறக்கும் சூடு பின்னால் உள்ள டிபிஎஃப்பை 600 டிகிரிக்கு ஏற்றும். கரி பற்றிக்கொள்ளும். பத்து முதல் இருபது நிமிடம் இப்படி எரிந்தால் வடிகட்டி காலி.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது ஓட்டத்தைப் பொறுத்தது. 300-க்கும் நடக்கலாம், 1,000-க்கும் நடக்கலாம். உங்கள் காரில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கருவி தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போது 800-இல் நிற்கும் ஆர்பிஎம் 1,000 பக்கம் ஏறி நிற்கும். சைலன்சர் சத்தம் சற்றே கனக்கும். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள காரில் அது வேலை செய்யாது. உடனடி மைலேஜ் காட்டும் எண் சடாரென விழும். வீட்டு வாசலில் நிறுத்தியதும் காந்தல் வாசனை வரும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்து வயரிங் எரிகிறதோ என்று பதறி பானெட்டைத் திறப்பவர்கள் நிறைய.

இந்த அறிகுறிகளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால்? முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தலாம். முடியாவிட்டால் நிறுத்திவிடலாம், ஒருமுறை இரண்டு முறையில் ஒன்றும் ஆகிவிடாது. பாதியில் நின்றதை கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த ஓட்டத்தில் மறுபடி முயலும். ஆனால் செவ்வாய்ப்பேட்டைக் கார் மாதிரி ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்றால் இரண்டு கெடுதல். ஒன்று தெரிந்தது, கரி சேர்ந்துகொண்டே போகும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. எரிதல் முடிந்த பிறகு தெளித்த அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே என்ஜின் ஆயிலில் கலக்கும். பெட்ரோல் என்றால் சூட்டில் ஆவியாகிவிடும். டீசல் லேசில் ஆவியாகாது, ஆயிலிலேயே தங்கும்.

அதனால் டிபிஎஃப் உள்ள காரில் டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் ஆயில் குறைகிறதா என்று பார்த்தோம். இதில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து, கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால், முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், சர்வீஸ் தேதி எப்போது என்று காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் முதலில் அடிபடுவது டர்போவின் பேரிங். ஆயில் மாற்றும் செலவையும் டர்போ மாற்றும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். சில என்ஜின்களில் சைலன்சர் குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்து டீசல் தெளிப்பார்கள். அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

விளக்கு எரிந்துவிட்டது, இனி என்ன?

டிபிஎஃப் விளக்கு நிலையாக எரிகிறது, வேறு எந்த விளக்கும் இல்லை, பிக்கப் குறையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. உங்கள் கையேட்டில் என்ன வேகம் சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் போங்கள். பொதுவாக 60 கிலோமீட்டருக்கு மேல், ஆர்பிஎம் 2,000-க்குக் குறையாமல், நிற்காமல் 15 முதல் 20 நிமிடம். மணிக்கு 70-இல் போனால் இருபது நிமிடத்துக்கு 23 கிலோமீட்டர் ஆகும். கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரிப் பக்கம் போனாலும் சரி, சீலநாயக்கன்பட்டியிலிருந்து மல்லூர் தாண்டி ராசிபுரம் பக்கம் போனாலும் சரி, இந்தத் தூரம் தாராளமாகக் கிடைக்கும். டாப் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் சோம்பேறித்தனமாக ஓட்டாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். வைகுந்தம் டோல்கேட்டில் ஒரு நிமிடம் நிற்பதால் ஒன்றும் கெடாது. டீசல் முள் ரிசர்வில் இருந்தால் முதலில் டீசல் அடியுங்கள். இல்லையென்றால் எவ்வளவு ஓட்டினாலும் அது தொடங்கவே தொடங்காது.

வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை அமுக்கி ரேஸ் கொடுப்பது வீண் வேலை. சத்தம்தான் வரும், சூடு வராது. நின்ற இடத்தில் என்ஜினுக்குச் சுமையே இல்லை, சுமை இல்லாத டீசல் என்ஜின் சூடான புகையை விடுவதில்லை. நின்ற இடத்திலேயே எரிக்க பிஎஸ்-6 லாரிகள் பலவற்றில் தனி ஸ்விட்ச் உண்டு. அது வேறு கதை. அங்கே கம்ப்யூட்டரே ஆர்பிஎம்மை ஏற்றிக் கூடுதல் டீசலும் விடுகிறது.

விளக்கு மின்னுகிறது, அல்லது கூடவே என்ஜின் விளக்கும் எரிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது என்றால் ஹைவே வைத்தியத்தின் எல்லை தாண்டிவிட்டது. அளவுக்கு மீறிய கரியில் தீ வைத்தால் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி பீங்கான் வெடித்துவிடும். அதனால்தான் கம்ப்யூட்டர் தானாக எரிப்பதை நிறுத்திவிட்டு சக்தியையும் குறைத்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, திறந்த இடத்தில் நிறுத்தி, கட்டாய ரீஜென் கொடுப்பார்கள். முடிந்ததும் ஆயிலை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்காடு ஏறினால் சுத்தமாகிவிடுமா?

சேலத்தில் இந்த யோசனையை அடிக்கடி கேட்கலாம். பாதி சரி. இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டியை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவது ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வேலை. முக்கால் மணி நேரத்தில் அதைச் செய்யும்போது, வேகம் 30-ஐத் தாண்டாவிட்டாலும் என்ஜின் சுமக்கும் சுமை ஹைவேயில் போவதற்குக் கிட்டத்தட்ட ஈடானது. புகை நன்றாகச் சூடாகும், நைட்ரஜன் டை ஆக்சைடு வழி மும்முரமாக வேலை செய்யும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி அமுக்குவதால் சூடு ஏறி இறங்கும் என்பது மட்டும்தான் குறை.

இறக்கம் நேர் எதிர். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது என்ஜினுக்கு டீசலே போவதில்லை. வெறும் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்று வடிகட்டிக்குள் விசிறியால் வீசுவதுபோல ஓடி அதை ஆற்றிவிடும். எரிந்துகொண்டிருந்த ரீஜென் அங்கேயே நிற்கும். சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று நியூட்ரலில் இறக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மலைமேல் விளக்கு எரிந்தால் வழக்கம்போல கியரில் இறங்கி, அடிவாரம் தாண்டி, பைபாஸில் ஏறி எரித்துக்கொள்ளலாம்.

எஸ்டேட் பிக்கப்கள் பாடு இதைவிட மோசம். எஸ்டேட்டிலிருந்து ஏற்காடு டவுன், டவுனிலிருந்து எஸ்டேட் என்று சின்னச் சின்ன ஓட்டங்கள்தான். மலைக் குளிரில் என்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை உரம், தீவனம் எடுக்கக் கீழே வரும் வேலை எப்படியும் இருக்கும். இருபது நிமிட பைபாஸ் ஓட்டத்தை அந்த நாளில் சேர்த்துக்கொண்டு, பாரத்தோடு திரும்ப மலையேறினால் அவற்றுக்கு அதுவே போதும்.

இன்னொன்று, மாசி பங்குனியில் கவனிக்க வேண்டியது. காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் உதிர்க்கும் சருகு சாலையோரத்தில் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். மலையேறி முடித்த சூட்டில், அதுவும் ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போது, வண்டியை அந்தச் சருகின்மேல் ஓரங்கட்டினால் அடியில் உள்ள குழாயும் டின்னும் அதைப் பற்றவைத்துவிடும். தார் ரோட்டிலோ வெறும் மண்ணிலோ நிறுத்துங்கள்.

அடிக்கடி அடைத்தால் குற்றம் வடிகட்டியில் இருக்காது

முறையாக ஹைவேயில் ஓட்டியும் 150, 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை ரீஜென் வருகிறதென்றால், எங்கிருந்தோ கரி அதிகமாக வருகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு மூடாமல் ஒட்டிக்கொள்வது, டர்போவுக்கும் என்ஜினுக்கும் இடையே கிழிந்த ரப்பர் ஹோஸ், ஆயிலைப் புகைக்குள் விடும் டர்போ: இவற்றைப் பார்க்காமல் டிபிஎஃப்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு வரும். ஸ்கேனர் காட்டும் பி2463 என்ற பழுதுக் குறியீடு கரி அதிகம் என்று சொல்கிறது, ஏன் அதிகம் என்று சொல்வதில்லை. பி2452 வந்தால் அழுத்த சென்சார் சுற்றில் கோளாறு. பல நேரம் சூட்டில் வெடித்த ஒரு சாண் ரப்பர் குழாய்தான் காரணமாக இருக்கும்.

யூரியாக் கரைசல் ஊற்றினால் வடிகட்டி சுத்தமாகும் என்று நினைப்பதும் தவறு. ஆட்ப்ளூ என்கிற அந்த 32.5 சதவீதக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்கு. கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவறிப்போய் டீசல் டாங்கில் ஊற்றிவிட்டால் பெருஞ்செலவு.

இனி சாம்பல். விறகடுப்பில் கரி எரிந்து தீரும், சாம்பலை நாம்தான் அள்ள வேண்டும். டிபிஎஃப்பிலும் அப்படியே. இங்கே சாம்பல் வருவது டீசலிலிருந்து அல்ல, என்ஜினில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலிலிருந்து. அதில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் எந்தச் சூட்டிலும் எரிந்து மறையாது. துளைகளின் கடைக்கோடியில் கெட்டியாகப் படியும். அதனால்தான் இந்தக் கார்களுக்கு ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரவரிசையில் சி2, சி3 போன்ற குறைந்த சாம்பல் ஆயிலைக் கையேட்டில் குறிப்பிடுகிறார்கள். டின்னின் பின்பக்கத்தில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 5டபிள்யூ-30 என்பது ஆயிலின் தடிமன் மட்டுமே. சாம்பலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சரியான ஆயிலோடு ஓட்டினால் ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகே சாம்பல் எடுக்கும் பேச்சு வரும். அப்போதும் கழற்றி, அதற்கான எந்திரத்தில் சூடாக்கிக் காற்றால் ஊதி எடுக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் உள்ளே உள்ள பூச்சும் பீங்கானைப் பிடித்திருக்கும் மெத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி அமைப்பை அப்படி மாற்றக் கூடாது. விற்கும்போதும் இது தலைவலி.

பழைய டீசல் கார் வாங்கப்போகிறவர்கள் ஆள்காட்டி விரலை சைலன்சர் வாய்க்குள் விட்டுத் துடைத்துப் பாருங்கள். பிஎஸ்-6 காரில், எத்தனை வருடம் ஓடியிருந்தாலும், விரலில் சாம்பல் நிறம் லேசாக ஒட்டலாம். மை பூசியது போல் கறுத்தால் உள்ளே தேனடை விரிசல் விட்டிருக்கிறது அல்லது தேனடையே இல்லை. பிறகு ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் அழுத்த வித்தியாசத்தைப் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சார் பொய் சொல்கிறது. என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் நிற்கும்போது நல்ல வடிகட்டியில் ஒருசில மில்லிபார்தான் இருக்கும். கடைசி ரீஜென் நடந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்ற எண்ணையும் பெரும்பாலான ஸ்கேனர்கள் காட்டும். அதையும் டிப்ஸ்டிக்கையும் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.